ஆலை வாசலுக்கு உள்ளே

பாசிசம் என்றதும் நமக்கு மேடைதான் நினைவுக்கு வருகிறது. மாடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒருவர், கீழே திரண்ட கூட்டம், கறுப்புச் சட்டைகள், கொடிகள். அந்தப் படங்களில் பெரும்பகுதியை எடுத்து ஊரெங்கும் காட்டியது அந்த ஆட்சியே நடத்திய செய்திப்பட நிறுவனம்தான் என்பது மறந்துபோகிறது. ஒரு இத்தாலியத் தொழிலாளி முசோலினியை நேரில் பார்த்திருந்தால் ஒரு முறையோ இரு முறையோ பார்த்திருப்பான். ஃபோர்மேனை அன்றாடம் பார்த்தான். அவனிடம் வந்து சேர்ந்த பாசிசம் பெரும்பாலும் அந்த ஃபோர்மேனின் குரலில்தான் வந்தது. இந்த வரலாற்றை மேடைப்பக்கத்தை விட்டுவிட்டு ஆலை வாசலிலிருந்து படிக்க ஒரே ஒரு ஊர் போதும்: டூரின்.

டூரின் நமக்கு முழுக்க அந்நியமான ஊரும் அல்ல. பம்பாயில் டாக்ஸியாகவும் மற்ற ஊர்களில் நடுத்தரக் குடும்பத்தின் பெருமையாகவும் ஓடிய பிரீமியர் பத்மினியின் பிறந்த வீடு அது. ஃபியட் நிறுவனம் 1899இல் அங்கேதான் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜொவான்னி அன்யெல்லி சீக்கிரமே அதன் முகமானார். அதே ஊரின் இத்தாலா என்ற கார் ஆலையில் 1906இல் உலோகத் தொழிலாளர் சங்கம் ஓர் ஒப்பந்தம் போட்டது. தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு குழு ஆலைக்குள் இருக்கும். அபராதம், துண்டுக்கூலி, ஷிஃப்ட் தகராறு எல்லாவற்றையும் அது நிர்வாகத்தோடு பேசும் என்பது அதன் சாரம். ‘உள் குழு’ என்று அதற்குப் பெயர். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் ஆலைக்குள் எசமானைத் தவிர இன்னொருவரின் பேச்சுக்கும் எடை உண்டு என்று காகிதத்தில் எழுதப்பட்டது அங்கே அப்போதுதான்.

பாசிசம் வருவதற்கு முன்பே அந்த எடையைக் குறைக்க வழி தெரிந்துவிட்டது. கற்றுக்கொடுத்தது முதல் உலகப் போர். 1915இல் தாராளவாத அரசு, ஆயுதத் தளவாட ஆலைகளை ராணுவ ஒழுங்கின் கீழ் கொண்டுவந்தது. வேலைக்கு வராமல் போவது போர்முனையிலிருந்து ஓடிப்போவதற்குச் சமம் என்றாயிற்று. போருக்கு முன் சில ஆயிரமாக இருந்த ஃபியட் தொழிலாளர் எண்ணிக்கை போர் முடியும்போது 40,000ஐ நெருங்கியது. 1917 ஆகஸ்டில் ரொட்டி கிடைக்காமல் டூரின் தெருவில் இறங்கியபோது சுட்டதும் அதே தாராளவாத அரசுதான். ஐம்பது பேர் அளவில் செத்தார்கள். ஆலையைப் பாசறைபோல நடத்தலாம், நடத்தினால் உற்பத்தி பெருகும், லாபமும் பெருகும் என்ற அனுபவம் முதலாளிகளுக்கு முசோலினியிடமிருந்து வந்ததல்ல. அந்தப் பாசறை ஒழுங்கைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதுதான் 1918க்குப் பிறகு அவர்கள் முன்னிருந்த கேள்வி.

1920 செப்டம்பர் அந்தக் கேள்வியை அவசரமாக்கியது. கூலிப் பேச்சு முறிந்து மிலானில் கதவடைப்பு தொடங்கியதும் வட இத்தாலி முழுக்கத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். டூரினில் அவர்கள் சும்மா உட்காரவில்லை, வேலையும் செய்தார்கள். அன்யெல்லியின் மேசையைச் சுற்றித் தொழிலாளர் குழு அமர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் வரலாற்று நூல்களில் வருகிறது. பிரதமர் ஜொலிட்டி படையை அனுப்ப மறுத்துவிட்டார். ஆலைகளைக் குண்டுபோட்டு மீட்டுத் தரட்டுமா என்று அவர் அன்யெல்லியிடமே கேட்டதாக ஒரு கதை உண்டு. கிழவர் ஜொலிட்டியின் கணக்கு தப்பவில்லை. சில வாரங்களில் உடன்படிக்கை கையெழுத்தாகி எல்லாம் அடங்கியது. ஆனால் அந்தப் புகைப்படம் அடங்கவில்லை. கூடுதல் கூலி கேட்கும் தொழிலாளியைச் சமாளிக்கலாம். நான் இல்லாமலேயே ஆலை ஓடுகிறதே என்ற காட்சியைப் பார்த்த முதலாளிக்கு அதன் பிறகு பழைய நாடாளுமன்ற சமரசங்களில் நம்பிக்கை இருக்கவில்லை.

அடுத்த ஆண்டே போ ஆற்றுச் சமவெளியில் பண்ணை முதலாளிகள் லாரியும் பணமும் கொடுக்க, கறுப்புச் சட்டைப் படைகள் விவசாயக் கூலிச் சங்கங்களின் அலுவலகங்களை ஒவ்வொன்றாகக் கொளுத்தின. சங்கத் தலைவர்களுக்கு விளக்கெண்ணெய் புகட்டி அவமானப்படுத்துவது ஒரு வாடிக்கையானது. டூரினின் முறை 1922 டிசம்பர் 18 முதல் 20 வரை வந்தது. அப்போது முசோலினி பிரதமராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிரந்திமார்த்தே என்பவனின் தலைமையில் படைகள் தொழிலாளர் மன்றத்துக்குத் தீ வைத்தன. குறைந்தது 11 பேர் கொல்லப்பட்டார்கள். உலோகத் தொழிலாளர் சங்கச் செயலர் பியெத்ரோ ஃபெரேரோவை லாரியில் கட்டித் தெருவழியே இழுத்துச் சென்று கொன்றார்கள். அதே வாரம், 22ஆம் தேதி, தேச நலனுக்காகச் செய்யப்பட்ட குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு அளிக்கும் ஆணை வெளியானது. மறு ஆண்டு அன்யெல்லி செனட்டர் ஆனார். மே தினம் ரத்தானது. அதற்குப் பதில் ரோமாபுரி பிறந்த நாள் என்று ஏப்ரல் 21 தொழிலாளர் விழாவானது.

ரத்தம் சிந்திய இந்த அத்தியாயத்தைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பின்னால் வந்த காகிதங்கள். 1925 அக்டோபர் 2ஆம் தேதி ரோமில் விதோனி மாளிகையில் தொழிலதிபர் கூட்டமைப்பும் பாசிச சங்கங்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இனி நீ என்னையும் நான் உன்னையும் மட்டுமே அங்கீகரிப்போம், வேறு யாரோடும் பேச்சில்லை என்பது முதல் விஷயம். இரண்டாவது, உள் குழுக்கள் ஒழிக்கப்படும். 1906இல் கிடைத்தது பத்தொன்பது ஆண்டுகளில் போயிற்று. அடுத்த ஏப்ரலில் நீதித்துறை அமைச்சர் ரொக்கோ வரைந்த சட்டம் வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் குற்றமாக்கியது. இரு தரப்புக்கும் சமநீதி என்று தோன்றும். ஆட்குறைப்புக்குத் தடையில்லை, கூலிக்குறைப்புக்கும் தடையில்லை என்பதைப் பார்த்தால் அந்தச் சமநீதியின் லட்சணம் தெரியும். 1927இல் தொழில் சாசனம் என்ற ஒன்று பெரிய ஆரவாரத்தோடு வெளியானது. அதே ஆண்டு கூலி 10 முதல் 20 சதவீதம் வரை வெட்டப்பட்டது. 1930இலும் 1934இலும் மறுபடி வெட்டு. எதிர்த்துப் பேச ஆலைக்குள் ஆளில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாசிச சங்கம் என்று ஒன்று இருந்ததல்லவா, அது என்ன செய்தது? அதன் நிர்வாகிகளை மேலிடம் நியமித்தது. பேச்சுவார்த்தை எல்லாம் தொழிலாளியின் முகம் பார்க்காத அலுவலகங்களில் நடந்தது. அந்தச் சங்கமே ஆலைக்குள் தன் பிரதிநிதிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டது. முதலாளிகள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. 1939 வரை இழுத்தடித்தார்கள். கறுப்புச் சட்டை அணிந்தவனாக இருந்தாலும் ஆலைக்குள் இன்னொரு குரல் வேண்டாம் என்பதில் அவ்வளவு உறுதி. சர்வாதிகார அரசு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்று நாம் பேசுகிறோம். ஆலை வாசலில் அது காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நின்றது.

அதற்காக முதலாளிகள் எல்லாம் ஜெயித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. லிராவின் மதிப்பைப் பவுண்டுக்குத் தொண்ணூறு என்று உயர்த்திப் பிடிப்பேன் என முசோலினி 1926இல் வீம்பாக அறிவித்தபோது ஏற்றுமதியை நம்பிய ஃபியட்டுக்கு அது அடி. அன்யெல்லிக்கு அதில் துளியும் சம்மதமில்லை. ஆனால் நாடாளுமன்றம் ரப்பர் முத்திரையாகிவிட்டிருந்தது, பத்திரிகைகள் வாய்கட்டப்பட்டிருந்தன, ஓர் ஆளின் கௌரவப் பிரச்சினையாகிவிட்ட கொள்கையை எதிர்த்து வாதாட இடமே இல்லை. தங்கள் ஆலையில் எதிர்ப்பேச்சு கூடாது என்று விரும்பியவர்கள் நாட்டிலும் எதிர்ப்பேச்சு இல்லாமல் போனதன் விலையை இப்படித்தான் அறிந்தார்கள். மேலே வளைந்து கீழே நிமிர்வது ஒவ்வொரு படிக்கட்டிலும் இருந்தவர்களின் வழக்கமானது; செனட்டருக்கும் அதே விதி, ஃபோர்மேனுக்கும் அதே விதி.

அலுவலகங்களில் இது வேறு முகத்தோடு வந்தது. கட்சி அட்டை இல்லாமல் அரசு வேலை இல்லை என்ற நிலை 1930களில் உறுதியானது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரொட்டி அட்டை. 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லோரும் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார்கள். ஏறத்தாழ 1,200 பேரில் மறுத்தவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான். மற்றவர்களைக் கோழைகள் என்று திட்டுவது சுலபம். பிள்ளைகுட்டிக்காரர்கள், உள்ளே இருந்தால்தான் மாணவர்களுக்கு உதவலாம் என்று தங்களுக்குள் சமாதானம் செய்துகொண்டவர்கள் பலர். 1935இல் ‘வேலைப் புத்தகம்’ வந்தது. எங்கே வேலை செய்தான், எப்போது நின்றான் என்ற விவரம் அதில் ஏறும். அது இல்லாமல் யாரும் வேலைக்கு எடுக்கக்கூடாது. 1938இல் அலுவலகப் பணியாளர்களில் பெண்கள் பத்தில் ஒருவருக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆணை. வேலை முடிந்த பிறகான நேரத்தையும் விட்டுவைக்கவில்லை. 1925இல் தொடங்கிய ‘வேலைக்குப் பின்’ என்ற அமைப்பு சுற்றுலா, நாடகம், கால்பந்து, மதுக்கடை வரை தன் குடைக்குள் கொண்டுவந்தது. 1939 வாக்கில் அதன் உறுப்பினர்கள் சுமார் 38 லட்சம். தொழிலாளர்கள் அதை வெறுத்தார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கடலையே பார்த்திராத குடும்பங்கள் மலிவு ரயிலில் கடற்கரைக்குப் போய் வந்தன. பல ஆண்டுகளுக்குப் பின் டூரின் தொழிலாளர்களின் வாய்மொழி நினைவுகளைத் திரட்டிய லூயிசா பஸ்ஸெரினி, பாசிசத்தைப் பற்றிக் கேட்டால் பலரும் நீண்ட மௌனத்துக்கும் கேலிக்கதைகளுக்கும் தாவிவிடுவதைக் கண்டார்.

ஜெர்மனியில் இந்த வேலையே ஒரே இரவில் நடந்தது. ஹிட்லர் 1933 மே தினத்தைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக அறிவித்தார். சங்கத் தலைவர்கள் சிலர் மகிழ்ந்து ஊர்வலத்துக்கும் போனார்கள். மறுநாள் காலை சங்க அலுவலகங்கள் அனைத்தும் கைப்பற்றப்பட்டன. 1934 ஜனவரிச் சட்டம் முதலாளியை ஆலையின் ‘தலைவர்’ என்றும் தொழிலாளர்களை அவர் ‘பின்தொடர்வோர்’ என்றும் பெயர் மாற்றியது. ஆலோசனைக் குழுவுக்கு ஒரு தேர்தலும் வைத்தார்கள். 1934, 1935 இரண்டு முறை வைத்துப் பார்த்தார்கள். வந்த முடிவு பிடிக்கவில்லை, அதன் பிறகு தேர்தலே இல்லை. வாரம் ஐந்து மார்க் கட்டினால் கார் என்ற திட்டத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து சேமித்தார்கள். போர் முடியும்வரை ஒருவருக்கும் கார் வரவில்லை. நம்மூர் சீட்டுக் கம்பெனிகள் இந்த விஷயத்தில் தாங்கள் முன்னோடிகள் என்று பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது.

டூரின்காரரான எழுத்தாளர் பிரீமோ லெவியின் வேலை வரலாற்றைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இந்தச் சங்கிலி எங்கே போய் முடிகிறது என்று தெரியும். யூதர்களுக்கு எதிரான 1938 இனச் சட்டங்கள் வந்தபோது அவர் வேதியியல் மாணவர். ஏற்கனவே சேர்ந்துவிட்டதால் படிப்பை முடிக்க விட்டார்கள். 1941இல் முதல் தரத்தில் தேறினார். சான்றிதழில் யூத இனத்தவர் என்று எழுதியிருந்தது. அதைக் காட்டி எங்கே வேலை கேட்பது? பாலாஞ்ஜெரோ கல்நார்ச் சுரங்கத்தில் பெயர் வெளியே தெரியாமல் வேலை பார்த்தார். 1943 டிசம்பரில் எதிர்ப்புப் படையில் இருந்தபோது பிடிபட்டார். அனுப்பப்பட்ட இடம் ஆஷ்விட்ஸின் மோனோவிட்ஸ் முகாம். ஐ.ஜி. ஃபார்பென் என்ற ஜெர்மானிய ரசாயன நிறுவனம் செயற்கை ரப்பர் ஆலை கட்ட அங்கே அடிமைகளைப் பயன்படுத்தியது. அங்கும் அவருக்கு ஒரு வேலைத் தேர்வு நடந்தது. டாக்டர் பட்டம் பெற்ற ஒரு வேதியியலாளர் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டார். வேலைப் புத்தகத்துக்கும் கையில் பச்சை குத்திய எண்ணுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது, இரண்டையும் ஒன்று என்பவர் எதையும் புரிந்துகொள்ளாதவர். ஆனால் அந்தத் தூரத்தைக் கடந்தபோது வழியில் நின்று மறுக்கும் உரிமை உள்ள ஓர் அமைப்பும் மிச்சமிருக்கவில்லை.

மீண்டும் ஃபியட்டுக்கு வருகிறேன். 1939 மே 15ஆம் தேதி மிராஃபியோரியில் புதிய பிரம்மாண்ட ஆலையைத் திறக்க முசோலினி வந்தார். ஏறத்தாழ 50,000 தொழிலாளர்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். முன்பு மிலானில் தான் பேசிய பேச்சு நினைவிருக்கிறதா என்று மேடையிலிருந்து கேட்டார். முன்வரிசையில் சில குரல்கள்; பின்னால் சத்தமே இல்லை. நினைவில்லையென்றால் மறுபடி படித்துப் பாருங்கள் என்று சீறிவிட்டு இறங்கிப் போனார். கைதட்டாமல் இருந்ததற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை எழுதியிருக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஆலையில் அந்த மௌனம் வேலைநிறுத்தமாயிற்று. 1943 மார்ச் 5, வெள்ளிக்கிழமை. விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கைச் சரிபார்க்க தினமும் காலை பத்து மணிக்கு ஊதுவார்கள். அதுதான் வேலையை நிறுத்தும் சைகை என்று ரகசியமாகப் பேசிவைத்திருந்தார்கள். விஷயம் நிர்வாகத்தின் காதுக்கு எட்டி, அன்று சங்கு ஊதவில்லை. ஊதாமலேயே சில பிரிவுகளில் இயந்திரங்கள் நின்றன. முதல் நாள் எத்தனை பேர் நிறுத்தினார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே தகராறு உண்டு; அதிகமில்லை என்பவர்களே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அடுத்த நாட்களில் அது ஆலை ஆலையாகப் பரவி, மிலானையும் தொட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இழுத்தது. கோரிக்கை ஆட்சியை ஒழி என்பதல்ல. குண்டுவீச்சால் ஊரைவிட்டுப் போன குடும்பத் தலைவர்களுக்குக் கொடுக்கும் 192 மணி நேரச் சம்பளத்தை எல்லோருக்கும் கொடு, விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி கொடு. நம்மூர் வாயிற்கூட்டத்தில் எழும் கோரிக்கைகள்தான். பதினேழு ஆண்டுகளாக வேலைநிறுத்தமே குற்றமாக இருந்த நாட்டில் பஞ்சப்படி கேட்பதும் ராஜத்துரோகமாகிவிடுகிறது. அதனால்தான் ஆட்சி அதைக் கண்டு நடுங்கியது. பலரைக் கைது செய்தார்கள். ஏப்ரலில் சலுகையும் அறிவித்தார்கள். ஜூலை 25இல் முசோலினி பதவியிழந்தார். வேலைநிறுத்தம்தான் அவரை வீழ்த்தியது என்பது மிகை. நேச நாட்டுப் படைகள் அதற்குள் சிசிலியில் இறங்கிவிட்டிருந்தன. மறு ஆண்டு மார்ச்சில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ், இன்னும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களில் பலர் மௌத்தாசன் முகாமுக்குப் போனார்கள்.

இதோடு கதையை முடித்துக்கொண்டால் நல்லவர்கள் வென்ற கதையாக இருக்கும். 1948இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே இத்தாலி உழைப்பின் மேல் நிறுவப்பட்ட ஜனநாயகக் குடியரசு என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் ஆலை வாசலில் நின்றுவிடுகிறது என்று 1950களில் தொழிலாளர்கள் கசப்போடு சொல்லிக்கொண்டார்கள். போருக்குப் பின் ஃபியட்டின் தலைமைக்குத் திரும்பிய பழைய நிர்வாகி வல்லெட்டா, இடதுசாரித் தொழிலாளர்களைத் தனியே ஒரு பட்டறைக்கு மாற்றி ஒதுக்கிவைத்தார். செந்நட்சத்திரப் பட்டறை என்று அதற்குக் கேலிப்பெயர். அடியில்லை, விளக்கெண்ணெய் இல்லை. வேலை கொடுத்தே ஒருவனை இல்லாமலாக்கும் கலை அது. 1971 ஆகஸ்டில் குவாரினியெல்லோ என்ற இளம் நீதித்துறை அதிகாரி ஃபியட் அலுவலகத்தைச் சோதனையிட்டபோது 1949 முதல் சேர்த்துவைத்த மூன்றரை லட்சம் கோப்பு அட்டைகள் கிடைத்தன. எந்தக் கட்சி, எந்தப் பத்திரிகை, யாரோடு பழக்கம், மனைவி எப்படிப்பட்டவள், கோயிலுக்குப் போகிறவனா என்ற விவரங்கள். தகவல் கொடுத்தவர்களில் காவல்துறையினரும் உண்டு. சர்வாதிகாரம் போய் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. வழக்கை நேப்பிள்ஸுக்கு மாற்றினார்கள்; தண்டனை வந்தது, மேல்முறையீட்டில் காலாவதியானது.

இதையும் பாசிசம் என்று அழைக்க எனக்கு மனமில்லை. கண்டிப்பான மேலாளரையெல்லாம் பாசிஸ்ட் என்று திட்டும் நம்முடைய பழக்கம், ஃபெரேரோவைக் கட்டி இழுத்த லாரியை மங்கச் செய்துவிடுகிறது. வல்லெட்டாவின் ஃபியட்டில் வெளியே சங்கம் இருந்தது, பத்திரிகை இருந்தது, தேர்தல் இருந்தது. அதனால்தான் குவாரினியெல்லோ அந்தக் கதவைத் தட்ட முடிந்தது. அதற்கு ஓராண்டு முன், 1970 மே 20இல், வேலைநிறுத்த அலைகளின் விளைவாகத் தொழிலாளர் சட்டம் எண் 300 நிறைவேறியிருந்தது. வேலையிடத்தில் கருத்தைச் சொல்லும் சுதந்திரத்தை அது முதல் பிரிவிலேயே வைத்தது. தொழிலாளியின் அரசியலையும் மதத்தையும் துருவக்கூடாது என்றது எட்டாம் பிரிவு. கருவிகளை வைத்துத் தூரத்திலிருந்து கண்காணிப்பதைத் தடுத்தது நான்காம் பிரிவு. உள் குழு ஒப்பந்தம் போட்ட 1906இலிருந்து கணக்கிட்டால் அறுபத்துநான்கு ஆண்டுகள். நடுவே இரண்டு போர்களும் ஒரு சர்வாதிகாரமும்.

அந்தச் சட்டம் பிறகு பல இடங்களில் திருத்தப்பட்டது. நான்காம் பிரிவை 2015இல் தளர்த்தினார்கள். ஆலைகள் சுருங்கி, வாசலே இல்லாத வேலைகள் பெருகிவிட்டன. 2020 டிசம்பர் 31ஆம் தேதி பொலோன்யா நீதிமன்றம் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரூ நிறுவனத்துக்கு எதிராக ஒரு தீர்ப்பு சொன்னது. முன்பதிவு செய்த நேரத்தில் வேலைக்கு வராத இளைஞர்களின் மதிப்பெண்ணை அந்நிறுவனத்தின் கணினி முறை குறைத்துவந்தது. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு நல்ல நேரங்கள் கிடைக்கவில்லை. ஏன் வரவில்லை என்று அது கேட்கவில்லை. காய்ச்சலோ, வீட்டில் சாவோ, வேலைநிறுத்தமோ, எல்லாம் ஒன்றுதான். ஃபியட்டின் கோப்புகள் ஒரு மனிதனைப் பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளத் துடித்தன. இது எதையும் தெரிந்துகொள்ள மறுத்தது. வேலைநிறுத்தம் செய்பவனுக்கு விளைவு ஏறத்தாழ ஒன்றுதான். காரணத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பதே பாகுபாடு என்று நீதிமன்றம் முடிவுசெய்து, வழக்குத் தொடுத்த சங்கங்களுக்கு 50,000 யூரோ கொடுக்கச் சொன்னது. அந்த முறையை முன்பே கைவிட்டுவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த முறை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று கேட்கும் உரிமைக்காகத்தான் சங்கங்கள் பிறகு மன்றாட வேண்டியிருந்தது.